எண்பத்தொன்று என்று எழுதினேன்

அக்கா கொம்பியூட்டரை வறுத்துவிட்டாள் என்று நீங்கள் இருவரும் சொல்லிச் சிரிப்பதை இனிமேல் விட்டுவிட வேண்டும். அவள் வறுக்கவில்லை. வறுத்தது நான். இதை வாயால் சொல்ல இரண்டு முறை பார்த்தேன். பெரியவள் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வெட்கம். அவள் இல்லாதபோது சொன்னால் புறம் பேசுவது போல இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

இது நடந்தபோது உங்களில் நடுவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. அந்தக் கொம்பியூட்டர் பெட்டிக்குள் எரிந்த நீல வெளிச்சம்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாத்தளையில் ஒரு கடையில் பழசாக வாங்கிய பெட்டி அது. இரத்தோட்டை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நானும் பெரியவளும் வந்தோம். பிரேக் போடும்போதெல்லாம் அவள் அதைப் பச்சைப்பிள்ளையைப் போலக் கட்டிக்கொண்டாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். யாரிடமும் போய்ப் படிக்காமல், போனில் பார்த்துப் பார்த்தே கார்ட்டூன் படம் செய்யப் பழகிக்கொண்டாள்.

கொழும்பில் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் செய்கிற ஒரு கம்பெனி, ஆறு பேரைச் சம்பளத்தோடு பழக்கி வேலைக்கு எடுக்கப் போவதாக அறிவித்திருந்தது. மூன்று நிமிடப் படம் ஒன்றை ஒரு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். அவள் செய்த படத்தில் ஓர் ஆட்டுக்குட்டி தோட்டத்துச் சனத்தோடு சனமாக பஸ்ஸில் ஏறிவிடும். கண்டக்டர் அதனிடம் டிக்கெட் கேட்பார். ஆடு டிக்கெட்டை வாங்கித் தின்றுவிடும். நீங்கள் இருவரும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. அந்தக் கண்டக்டரின் நடை என் நடை.

படத்தை வரைந்து முடித்ததும் வேலை முடிந்துவிடாது. நிறம், நிழல், வெளிச்சம் எல்லாம் போட்டு ஒவ்வொரு காட்சியையும் கொம்பியூட்டர் தானே சமைத்துத் தர வேண்டும். அதற்கு மணிக்கணக்கு ஆகும். சனிக்கிழமை பகல் மாத்தளைக்குப் போய்ச் சிநேகிதியின் வீட்டில் குரல் பதிந்து வந்தால்தான் வாய் அசைவைப் பொருத்த முடியும். அதன் பிறகு சமைக்கப் போட்டால் திங்கள் பகலுக்குள் முடியாது. எங்கள் பழைய பெட்டிக்கு முழுதாக மூன்று நாள் வேண்டும். இரண்டு நாள்கூட இல்லை.

அதனால்தான் அவள் அதன் வேகத்தைக் கூட்டினாள். புரொசசர் என்பது கொம்பியூட்டரின் மூளை. இவ்வளவு வேகத்தில் ஓடு என்று ஓர் அளவு வைத்துத்தான் அதைச் செய்து அனுப்புகிறார்கள். அதற்கு மேலும் ஓட்டலாம். ஓவர்க்ளொக் என்று அதற்குப் பெயர். வேகம் கூடினால் வோல்டேஜ் கூட்ட வேண்டும், வோல்டேஜ் கூடினால் சூடு கூடும். "வேகத்த யாரும் கூட்டலாம்பா. சூட்டப் பாத்து நிப்பாட்டத் தெரியணும்" என்பாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை நீங்கள் மனதில் வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியெல்லாம் தட்டினாள். புரொசசருக்கும் அதன் மேலே இருக்கிற ஃபேனுக்கும் நடுவில் காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிளகளவு புதிய பசை வைத்தாள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேனை அதற்கு நேராகத் திருப்பினாள். ஒரு படி வேகம் கூட்டுவாள், புரொசசருக்கு வேண்டுமென்றே பாரமான வேலை கொடுத்து ஓட்டுவாள், திரையில் சூட்டைப் பார்ப்பாள், குறித்துக்கொள்வாள். பிறகுதான் அடுத்த படி. சனிக்கிழமை விடியற்காலையில் எழுபத்தாறு டிகிரி காட்டியது. ஆனால் எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் பதினொரு மணிக்கு மேல் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? பகல் சூட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் நம்பக்கூடாது என்றாள். அந்த இரண்டு மணி நேரமும் அவள் மாத்தளையில் இருக்க வேண்டியிருந்தது.

நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் முன்னால் நின்றவனுக்குச் சூடு பார்க்கத் தெரியாதா என்று கேட்டேன். அவள் ஓர் அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டுத் தந்தாள்.

"பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா இந்த நம்பர எழுதுங்கப்பா. எண்பத்தஞ்ச தாண்டிச்சின்னா இந்தப் பட்டன அமத்தி நிப்பாட்டிருங்க. நிப்பாட்டினா பரவாயில்ல, நான் வந்து கொறச்சிக்குவேன்."

பரவாயில்லை என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. இன்றைக்கும் விழுகிறது.

இங்கே நான் தொழிற்சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாக்குப் போக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ட்ரையர் என்பது கொழுந்தை அரைத்த பிறகு சூடான காற்றில் காய வைக்கிற பெரிய மிஷின். பக்கத்தில் விறகு அடுப்பு. அதற்கு ஒரு சூடு அளவு உண்டு. அந்த அளவில் ஓடுகிறதா என்று அரை மணிக்கு ஒருதரம் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். விறகு ஈரமாக இருந்தால் சூடு இறங்கும். காய்ந்து கிடந்தால் ஏறும். யாராலும் அதை ஒரே அளவில் வைக்க முடியாது. ஆனால் புத்தகத்தில் ஒரே அளவுதான் இருக்க வேண்டும். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்தால் முதலில் புத்தகத்தைத்தான் பார்ப்பார். வேறு நம்பர் இருந்தால் ஏசுவார். சரியான நம்பர் இருந்தால் மேற்கொண்டு பார்க்காமல் போய்விடுவார். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் உண்மையை எழுதினேன். ஒரு வாரமும் ஏச்சு வாங்கினேன். என்னோடு நின்ற ஆள்தான் சொன்னான், "புஸ்தகத்துச் சூட்டுல கைய வச்சா சுடாதுடா. மேல் வரியப் பாத்துக் கீழ எழுது." அன்றிலிருந்து மேல் வரியைப் பார்த்துக் கீழே எழுதினேன். இருபத்திரண்டு வருஷம். சில நாள் காலையில் வந்ததும் மத்தியானம் வரைக்கும் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். ட்ரையர் அளவு மீறி ஓடியது எத்தனையோ நாள். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் தீய்ந்த தூளை நல்ல தூளோடு கலந்துவிடுவார்கள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் சொல்லித் தந்தபடி தொடங்கினேன். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். நீங்கள் இருவரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். முதல் தடவை எழுபத்தொன்பது. எழுதினேன். இரண்டாவது தடவை எண்பத்தொன்று. எழுதினேன். மூன்றாவது தடவை எண்பத்தாறு.

நான் எண்பத்தொன்று என்று எழுதினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகவே மேல் வரியைக் கீழே இறக்கியது. எழுதிய பிறகுதான் யோசித்தேன். யோசித்தும் அதை அடிக்கவில்லை. ஒரு டிகிரி கூடினதற்கெல்லாம் நிறுத்தினால் பிள்ளையின் இரண்டு மணி நேரம் வீணாகிவிடுமே என்று நினைத்தேன். எண்பத்தைந்து என்பதும் டீமேக்கர் சொல்கிற அளவு மாதிரி ஓர் அளவுதான், மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். நான் பார்க்கும்போது ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தேன். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய நினைப்பு.

அடுத்த தடவை தொண்ணூற்றொன்று. எண்பது என்று எழுதினேன். அதற்கடுத்தது தொண்ணூற்றாறு. எண்பத்தொன்று என்று எழுதினேன். பிறகு பெட்டி தானாகவே அணைந்துபோனது. கரண்ட் போய்விட்டது என்று எழுந்தேன். மேசை ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நிமிடம் ஆறவிட்டேன். மறுபடி போட்டேன். திரையில் இதுவரை ஏறிய ஆகக் கூடிய சூட்டைக் காட்டுகிற இடம் ஒன்று இருந்தது. அணைந்து எழும்பியதில் அது அழிந்துபோயிருந்தது. எனக்கு அது நல்லதாகப் பட்டது. ஒரு மணி வரைக்கும் மீதி வரிகளையும் நிரப்பி, கொப்பியை மூடி வைத்தேன்.

பெரியவள் இரண்டு மணிக்கு வந்தாள். முகம் கழுவவில்லை, சோறு சாப்பிடவில்லை, முதலில் கொப்பியைத்தான் எடுத்துப் பார்த்தாள்.

"எண்பத்தொன்ன தாண்டவே இல்லையாப்பா?"

"இல்ல புள்ள."

"இந்தத் தகரத்துக்குக் கீழயுமா? அப்ப இன்னும் ஒரு படி ஏத்தலாம் போலயே."

"ஏத்து" என்றேன்.

அவள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வேகத்தையும் வோல்டேஜையும் இன்னும் ஒரு படி கூட்டினாள். வாய் அசைவைப் பொருத்தி முடித்து, பொழுது சாயப் படத்தைச் சமைக்கப் போட்டாள். மலையிலிருந்து குளிர் இறங்கிவிட்டதால் அவள் பார்க்கும்போதெல்லாம் எண்பது, எண்பத்திரண்டு என்றே இருந்தது. கொப்பியில் இருந்ததும் திரையில் இருந்ததும் பொருந்திப் போயின. அவள் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இரவெல்லாம் விழித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, ஒரு மணி நேரம் படு, நான் பார்க்கிறேன் என்றேன். படுத்த உடனே தூங்கிவிட்டாள். தகரம் சூடேறத் தொடங்கியது. பதினொன்றரைக்குத் தொண்ணூறு. பன்னிரண்டுக்குத் தொண்ணூற்றேழு.

அவள் நாலடி தூரத்தில் படுத்திருந்தாள். கையை நீட்டினால் எழுப்பிவிடலாம். எழுப்பினால், நேற்று இதே நேரத்தில் எண்பத்தொன்று, இன்றைக்கு எப்படித் தொண்ணூற்றேழு என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் எழுப்பவில்லை. சுளகை எடுத்து வந்து பெட்டிக்கு விசிறினேன். ஈரத் துண்டு ஒன்றை மேசை ஃபேனுக்கு முன்னால் பிடித்தேன். என் தொழிலில் கற்ற வித்தை அவ்வளவுதான். நடுவளே, நீ வாசலில் நின்று பார்த்து, "அப்பா கொம்பியூட்டருக்கு அரிசி பொடைக்கிறாரு" என்று சின்னவளைக் கூப்பிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்காது. நான் உன்னை அதட்டி விரட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துப்போனது. கருகிய ரப்பர் மாதிரி ஒரு வாசம் வந்தது. அந்த வாசத்தில்தான் பெரியவள் விழித்தாள். ஓடி வந்து கரண்ட் வயரைப் பிடுங்கினாள். பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

திங்கள் காலை கடை திறக்கும் முன்னே மாத்தளையில் நின்றோம். கடைக்காரர் கழற்றிப் பார்த்து, மூளை தப்பிவிட்டது, அதற்குக் கரண்ட் கொடுக்கிற சாமான்கள் கருகிவிட்டன, எல்லாம் பொருத்தியிருக்கிற போட் இனி உதவாது என்று சிங்களத்தில் சொன்னார். சூடு பார்க்காமல் ஓட்டினீர்களா என்று அவளைக் கேட்டார். பார்த்தோம், எண்பத்தொன்றுக்கு மேல் போகவில்லை என்று அவள் கொப்பியை எடுத்துக் காட்டினாள். அவர் கொப்பியையும் பார்த்தார், கருகின இடத்தையும் பார்த்தார், தலையை ஆட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் நல்ல மனிதர், தன் கொம்பியூட்டரில் மீதியைச் சமைக்கப் போட்டுத் தந்தார். பன்னிரண்டு மணிக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகியிருந்தது. ஆட்டுக்குட்டி பஸ்ஸில் ஏறியிருந்தது. டிக்கெட்டைத் தின்னவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டுக் கம்பெனிக்கு எழுதினாள். மரியாதையாக மறுத்துப் பதில் வந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு கொப்பியை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எண்பத்தொன்னுல எப்படிப்பா எரியும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "பழைய சாமான் புள்ள. ஒனக்குத் தெரியாம எங்கயாச்சும் பிசகியிருக்கும்."

உனக்குத் தெரியாம என்று சொன்னேன். பிழையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், அவளும் அதை வாங்கிக்கொண்டாள். நம்பர் எல்லாம் சரியாக இருந்தும் எரிந்தது என்றால், பிழை தன் புத்தியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். பெட்டியைச் சாக்கில் கட்டி கூரைக்குக் கீழே அட்டாளையில் போட்டாள். அடுத்த மாதம் இரத்தோட்டையில் கொமினிகேசன் கடையில் சேர்ந்தாள். அங்கே காலை எட்டு முதல் பொழுது சாயும் வரை அடையாள அட்டைக்குப் போட்டோக் கொப்பி அடிக்கிறாள், போனுக்கு ரீலோட் போடுகிறாள். வேறு யாராவது கொம்பியூட்டரில் பிழை வந்து கேட்டால், எனக்குத் தெரியாது என்கிறாள். அது எனக்கு அந்தக் கடை முதலாளி சொல்லித்தான் தெரியும்.

இரண்டு வருஷம் நான் வாய் திறக்கவில்லை. போன தைப்பொங்கலுக்கு மறுநாள், போனைச் சார்ஜ் போடச் சொன்னபோது நடுவளே, நீ சொன்னாய், "அக்காகிட்ட குடுக்காதீங்க, அதையும் வறுத்துருவா." அவளும் உங்களோடு சேர்ந்து சிரித்தாள். நான் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அடுத்த நாள் காலையில் அவள் வேலைக்குப் போகச் சட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். நீங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். சொன்னேன்.

"அந்தச் சனிக்கிழம நான் கொப்பியில எழுதினது நெசமில்ல."

"எந்த நம்பர்?"

"மொத ரெண்டத் தவிர எல்லாம்."

அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நெசம் என்ன?"

சொன்னேன். எண்பத்தாறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றாறு. தானாக அணைந்தது. மறுபடி போட்டது. ஞாயிற்றுக்கிழமை எழுப்பாமல் விட்டது. தொழிற்சாலைப் புத்தகத்தில் எழுதிய பொய் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை, இந்த நம்பர்கள் மட்டும் ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தன. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்பத்தாறுன்னு எழுதியிருந்தா நான் வேகத்தக் கொறச்சிருப்பேன். பின்னேரத்துலயும் ராவுலயும் ஓட்டியிருப்பேன், பகல்ல ஆறப் போட்டிருப்பேன். கடைசிக் காட்சிய சின்னதா ஆக்கி எப்படியும் அனுப்பியிருப்பேன்."

"தெரியும் புள்ள."

"எங்க பிழ விட்டேன்னு ரெண்டு வருசமா யோசிக்கிறேன். பஸ்ஸுல போறப்ப கூட. பசை கூடிப்போச்சோ, வோல்டேஜ் தப்பாப் போட்டுட்டேனோன்னு." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "எனக்கு இது வராதுன்னு விட்டுட்டேன் அப்பா."

வேறு கொம்பியூட்டர் வாங்கலாம் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான பேச்சு என்று தெரிந்தது. "இப்ப எதுக்கு" என்றாள். சட்டையின் மற்றக் கையையும் தேய்த்து முடித்து, போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் என்னோடு பேசாமல் இல்லை. தேத்தண்ணீர் போட்டுத் தருகிறாள். மழை வந்தால் குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறாள். உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாள், அது இன்னொரு நல்ல நம்பராக இருக்கும்.

போன மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்ததல்லவா? டெங்குவாக இருக்குமோ என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம். அம்மா கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவளே, உன் கக்கத்திலிருந்து தேர்மோமீட்டரை எடுத்துப் பார்த்தவன் நான். நூற்றொன்று. நூற்றொன்று என்றுதான் சொன்னேன், ஒரு கோடு கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. பெரியவள் அப்போதுதான் வேலைவிட்டு வந்திருந்தாள். தோள் பையைக்கூட இறக்கவில்லை. என் கையிலிருந்து தேர்மோமீட்டரை வாங்கினாள். ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்வது போல அம்மாவிடம் சொன்னாள்.

"நூத்தியொண்ணு."